டங்கன் சார் தேடிய பெயர்

முதல் ஷிப்டுக்குப் போன என் வீட்டுக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தபோது, டிபன் கேரியரை மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அது அவர் கையிலேயே இருந்தது. "டங்கன் சார் போயிட்டாரு. தூக்கத்துலயே" என்றார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. இன்னும் ஒரு வேலை பாக்கி வைத்துவிட்டு இவர் எப்படிப் போகலாம்?

ஒர்க்‌ஷாப் ஃபோர்மேனாக அவரை அறிந்தவர்கள் இந்த டவுன்ஷிப்பில் ஏராளம். நான் அடுத்த குவார்ட்டர்ஸில் இருப்பவள், பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துபவள். திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கிய புதிதில், வெள்ளை முகத்தைப் பார்த்து நான் பயந்து பயந்து இங்கிலீஷில் வணக்கம் சொன்னேன். "இன்னாங்க டீச்சர், வூடு புடிச்சிருக்கா? தண்ணி காலையிலதான் வரும், புடிச்சி வச்சிக்கங்க" என்றார். நெல்லிக்குப்பத்தில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழுக்கு முன்னால் என் தமிழ்தான் வெளியூர்த் தமிழாக இருந்தது.

தீபாவளி, பொங்கல் என்றால் எங்கள் பிளாக் காலியாகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். மதுரைக்காரர் மதுரைக்கு, கோயம்புத்தூர்க்காரர் கோயம்புத்தூருக்கு. எல்லாருடைய டியூட்டியையும் டங்கன் சார் வாங்கிக்கொள்வார். "நீங்க ஊருக்குப் போய்ட்டு வாங்க. எனக்கு ஊரு தபால்லதான் வரணும்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் பஸ் ஏறப் போகிறவர்களை வாசலில் நின்று பார்க்கும் அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய அண்ணன் தம்பிகள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகளும் இல்லை. சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு பெயர் வேண்டும் என்பது மட்டும்தான் அவர் ஆசை.

அவருடைய பாட்டனாரின் அப்பா ஜான் டங்கன், நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கொதிகலன் பொருத்த ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். இங்கேயே ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கேயே இறந்தார். எந்த வட்டாரத்திலிருந்து வந்தார் என்பது வரை குடும்பத்தில் தெரியும். அந்த வட்டாரத்துப் பாதிரியாருக்கு டங்கன் சார் எழுதினார். பழைய ஞானஸ்நானப் பதிவுகள் தொலைந்துபோய்விட்டன, ஆனால் ஜானின் தகப்பனார் பெயர் நிச்சயமாகத் தெரிந்தால் கல்லறைக் கற்களிலும் கோயில் சபைக் குறிப்புகளிலும் தேடிப் பார்க்கிறேன் என்று பதில் வந்தது. அந்தப் பெயர் இருந்திருக்க வேண்டிய ஜானின் கல்யாணப் பதிவை இங்கே கரையான் தின்றிருந்தது. "அங்க தொலைச்சிட்டாங்க, இங்க கரையான் தின்னுட்டுது. ரெண்டு தேசமும் பேசி வச்சிக்கினு என்னை மறைக்குது டீச்சர்" என்றார்.

ஒருமுறை காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் வாங்கிவந்து, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அறுத்தார். ஸ்காட்லாந்தில் மூத்த மகனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பெயரை வைப்பது வழக்கமாம். "எங்க பக்கமும் அப்படித்தானே சார். அப்போ உங்க தாத்தா பேரைப் பார்த்தால் போதுமே" என்றேன். தாத்தாதான் ஜானுக்கு மூத்த மகன், பெயர் அலெக்சாண்டர். டங்கன் சார் தலையை ஆட்டினார். தாத்தாவுக்கு ஞானத்தகப்பனாக நின்ற ஆலை மேனேஜரும் ஓர் அலெக்சாண்டராம். பிழைப்பு கொடுத்தவர் பெயரைத்தான் வைத்திருப்பார்கள் என்பது வீட்டில் எல்லாருடைய எண்ணம். இருந்தாலும் எழுதிப் பாருங்களேன் என்றேன். "பொருந்துற மாதிரி இருக்கறது வேற டீச்சர், பொருந்தறது வேற. எவரோ ஒருத்தர் சமாதியக் காட்டி, இவர்தான் என் பாட்டன்னு நான் சொல்லிக்கணுமா?" என்றார். ஒர்க்‌ஷாப்பில் பேரிங் மாட்டும்போது அவரிடம் திட்டு வாங்கிய எல்லாருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடமாக இருக்கும்.

அடக்கத்தன்று டங்கன் சாரின் மனைவி ரோஸி அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதிகம் பேசாதவர். அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு கொறையோடவே போயிட்டாரு டீச்சர். இவரு தாத்தாவ அவரப் பெத்த அம்மா ஒரு நாள்கூட பேரு சொல்லிக் கூப்பிட்டதில்லையாம். சின்னவங்கள டேவிட்டு, மேரின்னு வாய் நெறைய கூப்புடுவாங்களாம். மூத்தவர மட்டும் 'பெரியவனே'தான். தாய்க்கே புடிக்காத புள்ளையோட வம்சம்னு இவருக்கு மனசுல ஒரு முள்ளு. கௌரவக் கொறச்சல்னு யார்கிட்டயும் சொன்னதில்ல."

"அக்கா, அது மாமனார் பேருக்கா!" என்றேன். மேனேஜர் பெயரென்றால் அந்த அம்மா ஊரே கேட்கக் கூப்பிட்டிருப்பாள். கடல் தாண்டி இருந்த, கண்ணால் காணாத மாமனார் பெயர் என்பதால்தான் அவள் வாயில் வரவில்லை. என் மகளுக்கு என் மாமியார் பெயர். பிறந்ததிலிருந்து எனக்கு அவள் 'பாப்பா'தான். இந்த பிளாக்கில் எந்த மருமகளைக் கேட்டிருந்தாலும் உடனே சொல்லியிருப்பாள். இவர் கேட்கவே இல்லையே! பாதிரியாரைக் கேட்டார், பதிவாளரைக் கேட்டார், வரலாற்று டீச்சரைக் கேட்டார். இந்த ஒன்றை மட்டும் வெட்கப்பட்டு உள்ளேயே வைத்துக்கொண்டார்.

ரோஸி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னும் பெட்டிய மூடல. போய் அவருகிட்ட சொல்லுங்க" என்றார். போனேன். "சார், அந்த அம்மாவுக்கு உங்க தாத்தா மேல கோபமே இல்ல. உங்க ஆள் பேரு அலெக்சாண்டர் டங்கன். பொருந்துது சார்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். பைத்தியம் என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அந்தப் பெயரைப் பாதிரியாருக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். பதில் வரலாம். பிரித்துப் படிக்க வேண்டியவர் இல்லை என்பதை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

டங்கன் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பயம். அடக்கம் முடிந்த அன்று மாலையே மகளை உட்காரவைத்து, அவளை நான் ஏன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று விளக்கிச் சொன்னேன். அவள் பாவாடை ஓரத்தைத் திருகியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படியாம்மா? நான் உனக்கு என்னைப் புடிக்கலன்னுல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.