பேர் வைக்காத கல்

சிறுகோள் தேடுவது வெளியில் சொல்லிக்கொள்ளக் கூச்சமான தொழில். கூலி கிடையாது, கண்டுபிடித்தாலும் கையில் எடுத்துக் காட்ட முடியாது. திரையை வெறித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்கு என் வருத்தம் புரியும். கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர் டைப்பிங் சொல்லிக்கொடுக்கும் கனகா. கடையில் ஆள் வராத நேரத்தில் இருவரும் கல் தேடுவோம்.

நாலு படம்

வெளிநாட்டுத் தொலைநோக்கி எடுத்த படங்கள் தன்னார்வலர்களுக்கு இணையத்தில் வரும். வானத்தின் ஒரே இடம், சில நிமிட இடைவெளியில் நாலு படம். மாற்றி மாற்றிப் பார்த்தால் நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்கும், சிறுகோள் மட்டும் நகரும். பெரும்பாலும் எதுவும் நகராது.

அன்று ஒரு புள்ளி நகர்ந்தது. கனகாதான் முதலில் பார்த்தார். பட்டா நகல் எடுக்க எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து வந்த வெள்ளாமைச் சம்சாரி ஒருவர் எங்கள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஐப்பசி மழை பொய்த்துப் பருத்தி கருகிக் கிடந்த சமயம். அவர் சொன்னார்: “அம்புட்டு மேல பாக்குதிய, ஒரு மேகம் கண்ணுல படலையா?”

தீப்பெட்டி அண்ணாச்சி

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் சுற்றும் கல் அது. சூரியனை ஒரு தடவை சுற்றி வரவே நாலு வருஷத்துக்கு மேல் ஆகும். நாங்கள் அனுப்பிய தகவலைச் சரிபார்த்து, சிறுகோள்களைப் பதியும் மையத்தார் தற்காலிகமாக எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளம் கொடுத்தார்கள். திரும்பத் திரும்பப் பார்த்து, பாதை உறுதியான பிறகுதான் நிரந்தர எண். அதற்கும் பிறகுதான் கண்டுபிடித்தவர் பேர் சொல்லலாம்.

விஷயம் பரவி, தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி ஒருவர் தன் லேபிள் பேரை வைக்கச் சொல்லி வந்தார். வியாபாரப் பேர் ஆகாது, எந்தப் பேரானாலும் பல வருஷம் காத்திருக்க வேண்டும் என்றேன். அவருக்கு என்மேல் இரக்கமே வந்துவிட்டது. “நாங்க லேபிள் ஒட்டாம ஒரு பெட்டிய வெளிய விடுறதில்ல. பேரில்லாம எப்படி அண்ணாச்சி அம்புட்டு நாளு சுத்தும்?”

கனகா பேபி

அவர் போன பிறகு கனகா திரையை அணைத்தார். அப்புறம் தானாகவே சொன்னார். அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டது. அவர்கள் புதூர் வீட்டில் பேர் வைக்கும் நாள் வரை பேரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதனால் மணிக்கட்டில் கட்டிய பட்டையில் ‘கனகா பேபி’ என்று மட்டும் எழுதியிருந்ததாம். மனசுக்குள் வைத்திருந்த பேரைப் புருஷனிடம்கூட அவர் சொன்னதில்லை.

அந்தப் பேரைக் கல்லுக்கு வைக்கலாமா என்று கேட்டார். தாராளமாக வைக்கலாம் என்றேன். என்ன பேர் என்று கேட்டதற்கு, “நாள் வரட்டும் சார். அதுக்கு முன்ன சொல்லக் கூடாதுல்லா” என்றார்.

வேற வீடு

வருஷங்கள் போயின. எங்கேயாவது ஒரு தொலைநோக்கியில் கல் மறுபடி தட்டுப்பட்டால் கனகா கடம்பூர் போளி வாங்கி வருவார். போன மாசம் மெயில் வந்தது. பாதை உறுதியாகிவிட்டது. ஆனால் அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டதில், எங்களுக்கு முன்பே வேறொரு நாட்டு ஆய்வகம் அதே கல்லைப் பார்த்துப் பதிந்து, பிறகு தவறவிட்டிருந்தது தெரிந்தது. கண்டுபிடிப்பு அவர்களுடையது. பேரும் அவர்கள்தான் வைப்பார்கள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மத்தியானம் வரை கனகாவிடம் சொல்லத் தைரியமில்லை. சொன்னபோது அவர் அழவில்லை. மெயிலை நிதானமாகப் படித்துவிட்டு, இனி கல் தொலைந்துபோகாதா என்று மட்டும் கேட்டார். போகாது, எந்த நாளில் எங்கே இருக்கும் என்று இப்போதே சொல்லலாம் என்றேன். அவர் அடுத்த நாலு படத்தைத் திறந்தார். “வேற வீட்டுப் பிள்ளையாவே இருந்துட்டுப் போவட்டும் சார். எங்கன இருக்குன்னு தெரியுதுல்லா, அது போதும்.”

நம் தொழிலில் பிள்ளை போகும் வழியைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கலாம், பேர் சொல்லிக் கூப்பிடும் பாத்தியதை மட்டும் நமக்குக் கிடையாது.