நூல் கட்டாத பை

தொண்ணூறுகளின் இறுதியில் நடந்தது இது. எங்கள் ஊர் தஞ்சாவூருக்கு மேற்கே காவிரிக் கரையில் இருக்கிறது. அந்தச் சமயம் வெளியூர்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்ததால், பஸ் ஸ்டாண்டில் யாராவது பையை மறந்து வைத்துவிட்டுப் போனால்கூட ஜனம் சிதறி ஓடும். ஆடிப்பெருக்கு நெருங்கும்போது, படித்துறையில் குண்டு வைக்கப் போவதாக யாரோ போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்துவிட்டார்கள்.

அன்றைக்கு ஆற்றுக்கு வருவது பெரும்பாலும் பெண்கள்தான். பைகளைச் சோதிக்கப் பெண் போலீஸ் போதாது என்று ஊரில் பெண் தொண்டர்களைக் கேட்டார்கள். காலனியில் தையல் வேலை செய்துகொண்டிருந்த நான் உடனே பெயர் கொடுத்தேன். என் அக்காவும் கைக்குழந்தையோடு ஆற்றுக்கு வருவாளே என்கிற பயம் ஒரு பக்கம். ஊருக்கு நம்மாலும் ஒரு உபயோகம் என்கிற பெருமையும் இருந்தது. சந்தேகமான பையைத் தொடக்கூடாது, கூட்டத்தை விலக்க வேண்டும், சோதித்த பையில் சிவப்பு நூல் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து, எங்கள் கையில் பச்சைப் பட்டை கட்டிவிட்டார்கள்.

காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் பண்ணை வீட்டம்மா காரில் வந்து இறங்கினார். அவர்கள் நிலத்தைத்தான் என் அப்பா குத்தகைக்குச் சாகுபடி செய்தார். டிரைவர் கையில் பெரிய ரெக்சின் பை.

"பையைக் கொஞ்சம் தெறந்து காட்டுங்கம்மா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ நம்ம குத்தகைக்காரன் மவதானே? சாமிக்குப் படைக்கிற சாமான்டி. நீ கை வச்சா எப்படிப் படைக்கிறது?"

"நான் தொடலைங்கம்மா. நீங்களே தெறந்து காட்டுங்க, போதும்."

சப்-இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். "அவங்கள விடும்மா. யார் வீட்டம்மான்னு தெரியாதா?"

"யாரையும் விடாதீங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

அவர் வழியை மறித்துக் கட்டியிருந்த கயிற்றைத் தானே தூக்கிப் பிடித்தார். வரிசையில் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில், படித்துறை அரசமரத்தடியில் கேட்பாரற்று ஒரு ரெக்சின் பை கிடந்தது. நூல் இல்லை. அந்தம்மாவுடையதாக இருக்குமோ என்று தோன்றியது. ஆனால் டிரைவரைக் காணோம்; அந்தம்மாவும் கீழ்ப் படியில் கூட்டத்துக்குள் இருந்தார். தோன்றியதை நம்பி அத்தனை பேரை அங்கே நிற்கவைக்க முடியுமா? குழந்தைக்காரிகளை முதலில் ஏற்றிவிட்டு, தொண்டர்கள் நாங்கள்தான் படிகளைக் காலி செய்தோம். சப்-இன்ஸ்பெக்டர் தெருமுனையில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

அந்த அவசரத்தில் பண்ணை வீட்டம்மா பாசி படிந்த படியில் வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். ஆடி மாத வெள்ளம் இழுத்தது. நான் இறங்கிக் கையைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"விட்டுடாதடி, விட்டுடாத" என்று அழுதார்.

பை கிடந்த பக்கமாகத்தான் அவரை மேலே கொண்டுவர வேண்டியிருந்தது. பையைப் பார்க்காமல் ஒவ்வொரு படியாக ஏற்றினேன்.

தஞ்சாவூரிலிருந்து வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பையைத் திறந்தார்கள். உள்ளே பட்டுப்புடவை, தேங்காய், காப்பரிசி. டிரைவர் அதை மரத்தடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார்.

அந்தம்மா என் பக்கமே திரும்பவில்லை. "கண்டவ கையெல்லாம் பட்டுருச்சு" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, மறுபடி ஆற்றில் இறங்கி முழுக்குப் போட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "பெரிய எடத்துல ஏம்மா வம்பு? பட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போ" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

சம்பாவுக்கு நாற்றங்கால் தயார் செய்யப் போன அப்பாவைப் பண்ணைக் காரியஸ்தர் வரப்பிலேயே நிறுத்தினார். "ஒம் மவதான் போலீசாயிட்டாளே. ஒனக்கு எதுக்கு நெலம்?" வாய்வார்த்தைக் குத்தகை. எந்த ஆபீசிலும் பதிவில்லை. வழக்குப் போடலாம் என்று விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் வந்து சொன்னார்கள். அப்பா வேண்டாமென்று தலையாட்டிவிட்டார். அந்தப் பருவம் முழுக்க அடுத்த வயல்களுக்குக் கூலிக்குப் போனார்.

இப்போதும் கூட்டமான இடங்களில் பை சோதிக்கிற பெண்களைப் பார்த்தால், அவர்கள் கேட்கும் முன்பே திறந்து காட்டிவிடுகிறேன். காவலுக்கு நிற்கிறவளைத் தன் மனுஷியாக நினைக்காத ஊரை அவள் எதற்காகக் காக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.