கடலுக்குப் பூக்கேட்ட கதை

போடியில் ஏலக்காய்த் தோட்டக்காரர் வீட்டில் பிறந்துவிட்டு, ஆழ்கடல் உயிர்களைப் படிக்கப் போனவள் நான். எங்கள் பக்கத்தில் ஆழம் என்றால் வைகை அணை. அதற்கு மேல் யாருக்கும் கற்பனை போகாது.

விடுமுறையில் வந்தபோது வீட்டாருக்குக் கைபேசியில் படங்களைக் காட்டினேன். உடம்பு கண்ணாடிபோல இருந்து, தின்ற மண் குடலில் கிடப்பது வெளியே தெரிகிற கடல் வெள்ளரி. "இதைக் கொழம்பு வைக்கலாமா?" என்றார் அத்தை. முடியாது என்றதும் அந்தப் பிறவிக்கே அவரிடம் மதிப்புப் போய்விட்டது. அடுத்து, தலையில் விளக்கைத் தொங்கவிட்டு இருட்டில் இரை பிடிக்கும் தூண்டில் மீன். அதில் விளக்கு வைத்திருப்பவள் பெண். சில வகைகளில் விரலளவு ஆண் வந்து அவள் விலாவைக் கடித்துப் பிடித்து, ரத்தத்தைக்கூட அவளிடமே வாங்கிக்கொண்டு ஆயுளுக்கும் ஒட்டிக்கிடக்கும் என்றேன்.

"வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லு," என்றார் அத்தை. என் பேராசிரியர்கள் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ஆய்வுக் கப்பலில் இரண்டு மாதம் போக எனக்கு இடம் கிடைத்திருந்தது. இதுவரை மனிதக் கண்ணே படாத கடல்தரை. நினைத்தால் எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை. அப்பாவுக்கும் வரவில்லை, வேறு காரணத்துக்காக.

"யாரும் பாக்காத எடத்துக்கு நீ எதுக்குத்தா போகணும்? காரணமில்லாமயா எல்லாரும் விட்டு வச்சிருக்காக?"

மூன்று நாள் சண்டைக்குப் பிறகு, குலசாமியான அம்மனிடம் பூக்கேட்பது என்று முடிவானது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். பூசாரி பார்க்காமல் ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் நான் போகலாம். சாமி தன் கட்சி என்ற தைரியம் அப்பாவுக்கு. அறிவியல் படித்த நான் சிரித்திருக்க வேண்டும். ஆனால் பூசாரி பொட்டலத்தைப் பிரித்தபோது முதலில் எட்டிப் பார்த்தது நான்தான்.

சிவப்பு.

அழவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா என் முகத்தையே பார்த்தார். ஏலக்காயை விற்கப் போகும் இடத்தில் அவர் பிடிவாதத்துக்குப் பெயர் போனவர். கேட்ட விலை பிடிக்காவிட்டால் மூட்டையைத் திருப்பிக்கொண்டு வந்து, அடுத்த முறை மறுபடி வைப்பார்.

"இது எனக்குக் கட்டாதாத்தா," என்றார் அம்மனைப் பார்த்து. பிறகு பூசாரியிடம், "இன்னொருக்கா எடுங்க."

மறுபடியும் சிவப்பு. "உத்தரவு அம்புட்டுத்தான்," என்று பூசாரி தட்டை எடுக்கப் போனார். அப்பா தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொருக்கா."

வெள்ளை.

அம்மா குலவையே போட்டுவிட்டாள். அப்பா தூணோரம் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்காகச் சந்தோஷப்படுகிறார் என்று பக்கத்தில் போனேன்.

"அவ ரெண்டு தடவ வேணாம்னு சொன்னா. நாந்தான் மல்லுக்கட்டி வாங்கிட்டேன்," என்றார். "கடல்ல உனக்கு ஏதாச்சும்னா, இனி யாரைத்தா நான் கோவிச்சுக்கிறது?"