நாய் விடாது

அவன் பார்ப்பது லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. தெரு அவனுக்கு வைத்த பெயரோ நாய்க்காரன்.

கூட வேலை செய்த ஒருவர் வெளிநாடு போகும்போது அவன் தலையில் கட்டிவிட்டுப் போன ராட்வைலர் ஜாதி நாய்தான் காரணம். கன்றுக்குட்டி போல உடம்பு, அண்டா போலத் தலை. வந்த அன்றே தெரு வாய் திறந்துவிட்டது. இந்த ஜாதி நாய் குரைக்காமலே கடிக்குமாம். கவ்வினால் தாடை பூட்டிக்கொள்ளுமாம். வளர்த்தவனையே ஒருநாள் பதம் பார்த்துவிடுமாம். சொன்னவர்களில் ஒருவர்கூட அதுவரை ராட்வைலரை நேரில் பார்த்ததில்லை. கைபேசியில் பார்த்திருந்தார்கள், அது போதாதா?

நிஜத்தில், மிக்ஸி ஓடினால் அது குளியலறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பக்கத்து வீட்டுப் பூனை அதன் தட்டில் வாய் வைத்தால், தின்று முடிக்கும்வரை மரியாதையாக உட்கார்ந்திருக்கும். இதை வெளியே சொல்ல நாய்க்காரனுக்கு மனம் வரவில்லை. அந்தப் புரளியின் ருசி அதற்குள் அவனுக்குத் தெரிந்துபோயிருந்தது. நன்கொடை கேட்டு வருகிறவர்கள் வாசலோடு திரும்பினார்கள். வந்தால் வாரக்கணக்கில் டேரா போடும் மச்சினன், இப்போது போனிலேயே நலம் விசாரித்தான். எல்லாருக்கும் ஒரே பதில்தான். நாய் விடாது.

அக்காவுக்கும் அதே பதிலைச் சொன்னான், பாவி.

அம்மா இல்லாத வீட்டில் அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு தெருநாய் அவன்மேல் பாய்ந்தபோது குறுக்கே விழுந்து கடி வாங்கியவள். இடது கெண்டைக்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து நாய்க்குட்டியைக் கண்டாலும் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

"தம்பி, கண் ஆபரேஷனுக்கு உங்க ஊர் ஆஸ்பத்திரியிலதான் தேதி குடுத்திருக்காங்க. ஒரு வாரம் உன் வீட்டுல இருந்துக்கட்டுமாடா?"

சொட்டு மருந்து போட வேண்டும், கூட்டிக்கொண்டு அலைய வேண்டும், லீவு சொல்ல வேண்டும். மனதில் ஓடியது இவ்வளவுதான். வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"நாய் இருக்கேக்கா. புது ஆளுங்கள விடாது. அதுலயும் பயப்படுறவங்கன்னா வாசனையிலயே கண்டுபிடிச்சிரும்."

"ஐயோ, ஆமால்ல, எனக்குத் தோணவே இல்ல பாரு. நீ ஜாக்கிரதையா இருடா" என்று அவனுக்கே புத்தி சொல்லிவிட்டு வைத்தாள். அன்றைக்கு அவன் நிம்மதியாகத் தூங்கினான். அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தனியாக அறை எடுத்துத் தங்கினாள். ஆபரேஷன் அன்று இவன் போய் ஆப்பிள் கொடுத்துவிட்டு வந்தான்.

ஊருக்குத் திரும்பும் நாளில் அவன் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட அக்கா தடவித் தடவி இறங்கினாள். இரும்புக் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

"உள்ள வரலடா, பயப்படாதே. உன்னப் பாத்துட்டுப் போலாம்னுதான். இது உன் நாய்க்கு." கம்பிகளுக்கு நடுவே ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினாள்.

தண்ணீர் கேன் போடுகிறவர் கேட்டைச் சரியாகத் தாழிடாமல் போயிருந்தார். நாய் அதைத் தலையால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அக்கா ஆட்டோவோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். நாய் பிஸ்கட்டைக்கூடப் பார்க்கவில்லை. அவள் காலை முகர்ந்தது. பிறகு, வீட்டில் எல்லோரிடமும் செய்வதுபோல, தன் பாரத்தையெல்லாம் அந்தத் தழும்புக் கால்மேல் சாய்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டது.

"ஏய், உள்ள போ!" நாய்க்காரன் அதட்டினான். அது குட்டை வாலை ஆட்டிக் காட்டியது. நாய் கடித்திருந்தால்கூடத் தேவலை என்று ஒரு கணம் நினைத்தான். நினைத்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டான்.

அக்காவின் கை மெல்ல இறங்கி நாயின் தலையைத் தொட்டது. கறுப்புக் கண்ணாடி அவன் பக்கம் திரும்பியது.

"பாவம்டா. இன்னைக்கு இதுக்கு உடம்பு சரியில்ல போலிருக்கு."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான்.

"உள்ள வாக்கா" என்றான்.

"எப்படிடா வர்றது? நாய் இருக்கே."

அவள் கை இன்னும் அதன் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.