‘போதும்’ என்று சொல்லக் கூடாத பள்ளி

அரசு ஆண்கள் பள்ளிக் காவலாளியைப் ‘பூட்டு’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே மறந்திருப்பார். அதே பள்ளியில் படித்து, அங்கேயே இடது காதைத் தொலைத்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்த மனுஷர். காது எப்படிப் போனது என்று கேட்டால், பதக்கம் வாங்கியவர் போல நிமிர்ந்துகொள்வார்.

பெரிய பெரிய ஆட்கள் படித்த பள்ளி. பெருமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பெருமைக்குள் ஓர் அசிங்கம் உண்டு, யார் மறுத்தாலும் உண்டு. அதற்குச் ‘சந்து’ என்று பெயர். பள்ளி திறக்கிற நாளில் மேல்வகுப்புப் பையன்கள் கேட்டிலிருந்து மண்டபம் வரை இரண்டு வரிசையாக நிற்பார்கள். கையில் பெல்ட். புதுப்பையன்கள் நடுவே ஓட வேண்டும். யாரும் தெருவுக்குத் தப்பாமல் கேட்டைப் பூட்டுவது பூட்டின் வேலை. ஆசிரியர்கள் வராந்தாவில் டீ குடித்தபடி பார்ப்பார்கள். அவர்களும் ஓடியவர்கள்தானே.

ஓடுகிறவன் என்ன வேண்டுமானாலும் கத்தலாம். ‘போதும்’ என்று மட்டும் வாய் தவறியும் சொல்லக் கூடாது. சொன்னால் முதலிலிருந்து ஓட்டுவார்கள். இதை அப்பன் பிள்ளையிடம் சொல்லி அனுப்புவான். அந்த ஊர் ஆம்பிளைகள் சோறு போடும்போதுகூடக் கையைக் காட்டித்தான் நிறுத்துவார்கள்.

அந்த வருஷம் ஒரு தையல்காரம்மா மகனைப் பூட்டிடம் கூட்டி வந்தாள். அவன் வயிற்றில் இருக்கும்போதே புருஷன் போய்விட்டான்.

“அண்ணே, பயந்த புள்ள. பாத்துக்குங்க.”

“நான் இருக்கேன்மா, நீ போ.”

சொல்லிவிட்டுப் பூட்டைப் போட்டார். அப்பன் இல்லாத பிள்ளைக்கு அந்தச் சங்கதியை யார் சொல்லியிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

முதல் அடியிலேயே பையன், “போதும்ணே” என்றான்.

வரிசை சிரித்தது. “ஐயா இப்பத்தான் சாப்பிட உக்காந்தாரு, அதுக்குள்ள போதுமாம்” என்றான் வரிசைத் தலைவன். காலரைப் பிடித்துக் கேட்டுக்கு இழுத்து வந்து மறுபடி உள்ளே தள்ளினான். பையன் மறுபடி அதையே சொன்னான். பாவம், வேறு என்ன சொல்வான்? பெல்ட்டைத் திருப்பிப் பிடித்து இரும்பு முனையால் வெளுத்தார்கள். புருவம் கிழிந்தது. பல் தெறித்தது. அடுத்த முறை இழுத்து வந்தபோது கால் நடக்கவில்லை, மண்ணில் தேய்ந்துகொண்டு வந்தது. சட்டை எது, தோல் எது என்று தெரியவில்லை. அப்போதும் உதடு அந்தச் சொல்லைத்தான் மென்றது.

பூட்டின் கேட்கிற காது அந்தப் பக்கம் இருந்தது.

கேட்டுச் சங்கிலியை உருவினார். தலைவனின் முழங்கையில் ஒரே வீச்சு. எலும்பு முறிந்த சத்தத்தில் வராந்தாவில் டீ சிந்தியது. அடுத்தவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான், விரலிடுக்கில் ரத்தம். பிறகு மொத்த வரிசையும் அவர்மேல் விழுந்தது. அவர் பையன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். முதுகு, பிடரி, மண்டை என்று இரும்பு இறங்கியது. ஆசிரியர்கள் வந்து பிரித்தபோது இரண்டு பேருக்கும் நினைவில்லை.

தலைமையாசிரியர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். “படிக்கிற புள்ளைங்க மேல கை வெச்சிட்டியேப்பா. சாவியக் குடுத்திரு.” கொடுத்துவிட்டார்.

பையனுக்கு ஒரு கண் போனது. தையல்காரம்மா இவர் கட்டிலுக்கு வந்து நின்றாள்.

“கேட்டப் பூட்டினது யாரு?”

“நான்தாம்மா.”

விட்ட அறையில் கன்னத்துத் தையல் பிரிந்தது. நர்ஸ் ஓடிவந்தாள்.

“விடுங்க சிஸ்டர். இன்னும் பாக்கி இருந்தா குடுக்கட்டும்.”

“எதுக்குய்யா பூட்டின?”

“வழக்கம்மா.”

“எவன் வழக்கம்? எங்கிட்டக் கேட்டீங்களா?”



மறுவருஷம் பள்ளி திறக்கிற நாளில், கேட்டின் இரண்டு கதவுக்கும் நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“எந்திரிங்கண்ணே, பூட்டணும்” என்றான் புதுக் காவலாளி.

“என்மேல வெச்சுப் பூட்டு.”

அவன் கெஞ்சினான், மிரட்டினான், கதவை இழுத்து அறைந்தான். விலா எலும்பு போனது. உள்ளேயிருந்து பெல்ட்டுகளும் வந்தன. ஸ்டூல் உடைந்தது, மனுஷர் தரையில் உட்கார்ந்தார். நகரவில்லை. அவர் தோளில் கால் வைத்துத் தாண்டி, புதுப்பையன்கள் ஒவ்வொருவராகத் தெருவுக்கு ஓடினார்கள்.