மூன்றாவது அழைப்பு

எண்பதுகளின் தொடக்கத்தில், செங்கத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு நாங்கள் ஏறிப்போன வாடகைக் கார் ஒரு வளைவில் கவிழ்ந்தது. எனக்குக் கை முறிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலைக்காரருக்கு இடது கால் கோணிப்போனது. இருவரும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டோம். அதன்பிறகு வாய்தாவுக்கு வாய்தா வேலூர் கோர்ட்டு வராந்தாவில் அவரைப் பார்ப்பேன்.

நரைத்த மீசை, ஒடுங்கிய கன்னம். தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு கதவையே பார்த்திருப்பார். டவாலி வெளியே வந்து அவர் பெயரை மூன்று முறை கூவுவார். முதல் இரண்டுக்கும் மனிதர் அசையமாட்டார். மூன்றாவதுக்குத்தான் எழுவார். ஆள் வரவில்லையென்று வழக்கையே தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று வக்கீல் பல்லைக் கடிப்பார்.

“காது கேக்கலையா உங்களுக்கு?” என்று நானும் ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

“நல்லா கேக்குதுங்க. மலைல நான் ஒண்டிதான். எங்கம்மா போனப்புறம் பேரச் சொல்லிக் கூப்ட ஆளில்ல. மொத தபாவே எழுந்துட்டா, அதோட நிறுத்திடுவாருங்களே.”

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்த அன்று டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை.

“இனிமே கூப்ட மாட்டாங்களாங்க?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு காலை இழுத்து இழுத்து பஸ்ஸை நோக்கி நடந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நின்றார், திரும்பவில்லை. உரக்க இன்னொரு முறை கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை.

மூன்றாவதுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.