அக்டோபர் ஜாடிகள்

யசுகாவா தோமொயோவுக்கு நாற்பத்தோரு ஆய்வேடுகளில் நன்றி சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி, பெரும்பாலும் நிலையத்துப் படகுக்கு அடுத்தபடியாக. இரண்டில் பெயரே தப்பு. அவளுக்கு அதில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. ஆனால் முப்பத்தைந்தாவது வயதில், கடல் அட்டைக் குஞ்சுகள் எங்கே ஒளிந்துகொள்கின்றன என்று பேராசிரியர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, "சிப்பி ஓட்டைப் புரட்டிப் பாருங்க, அடியில இருக்கும்" என்று படகில் இருந்தபடியே சொன்னாள். அவர்கள் புரட்டிப் பார்த்தார்கள். இருந்தது. அன்றைக்கு அவளுக்கு ஒன்று தோன்றியது: இதை நானே எழுதினால் என்ன?

எழுதினாள். இசோஜிரி கடல் ஆய்வு நிலையத்தில் அவள் சாதாரண தொழில்நுட்ப ஊழியை. படகு ஓட்டுவது, மூழ்கி எடுப்பது, பம்பு பழுது பார்ப்பது, நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் மாணவர்களை உயிரோடு திருப்பி அனுப்புவது, இவ்வளவுதான் வேலை. இதற்கிடையில் இருபத்திரண்டு ஆண்டுகளில் ஐந்து கட்டுரைகள். ஐந்திலும் முதல் பெயர் அவளுடையது.

ஜப்பானில் டாக்டர் பட்டத்துக்கு இரண்டு வழிகள். சம்பளத்தை விட்டுவிட்டு மாணவராகச் சேர்ந்து படிப்பது ஒன்று. வெளிவந்த கட்டுரைகளைக் கட்டாகக் கட்டிக் கொண்டுபோய் வைத்து, தேர்வெழுதி, சபை நடுவில் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வாங்குவது இன்னொன்று. தோமொயோவின் பல்கலைக்கழகம் இரண்டாவது கதவை அடுத்த ஆண்டு ஏப்ரலோடு சாத்தப் போவதாக அறிவித்திருந்தது. அவள் ஓய்வு பெறுவதும் அதற்கு முந்தின மாதம், மார்ச்சில். முதல் பெயராக ஐந்து கட்டுரைகள் வேண்டும் என்பது விதி. சரியாக ஐந்து இருந்தன. இந்த ஆண்டு ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிட்டாள்.

"டாக்டர் ஆனப்புறம் எனக்கு முதுகுவலிக்கு ஊசி போடுவியா?" என்று கேட்டார் அவள் கணவர் ஷோஹெய். மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கடல் அட்டைப் பகுதியைப் பார்த்துக்கொள்பவர்.

"கடல் அட்டைக்கு முதுகு வலிச்சா சொல்லுங்க, போடறேன்" என்றாள்.

ஜூன் மாதம் நிலையத் தலைவர் ஹிபினோ அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்பத்து நான்கு வயது. மாணவனாக இங்கே வந்த முதல் நாள் படகிலிருந்து தவறி விழுந்தவரைச் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கிப் போட்டதே தோமொயோதான். அந்த நன்றி அவருக்கு இன்னும் உண்டு. அவள் பட்டத்துக்குத் தேர்வுக்குழுத் தலைவரும் அவர்தான் என்பதால், அன்றைக்கு மனிதர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"யசுகாவா-சான், உக்காருங்க. இந்த முத்திரை உங்களோடதா?"

மேசையில் ஒரு தாள். பதினோரு வருடப் பழசு. அதன் கீழே, கையெழுத்துக்குப் பதிலாக, சிவப்பு மையில் வட்டமாக 'யசுகாவா'.

"என்னோடதுதான் சென்செய். என்ன அது?" பேராசிரியர்களை அவள் 'ஐயா' என்பதுபோல 'சென்செய்' என்றுதான் கூப்பிடுவாள்.

"முகோயாமா பட்டம் வாங்கினப்ப, கூட எழுதினவங்க குடுத்த ஒப்புதல். மேல படிங்க."

படித்தாள். 'கீழ்க்காணும் கட்டுரையை முகோயாமா தம் ஆய்வேட்டில் சேர்த்துக்கொள்ள இசைகிறேன். இதே கட்டுரையை என் பட்டத்துக்காக ஒருபோதும் பயன்படுத்த மாட்டேன்.' அவளுடைய ஐந்தில் மூன்றாவது, எல்லாரும் மேற்கோள் காட்டும் கட்டுரை அது.

தோமொயோவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அப்போது நிலையத்தில் மாணவனாக இருந்த முகோயாமாவுக்கு ஆய்வேடு முடிக்க ஒரு கட்டுரை குறைந்தது. படகுத்துறைக்கு ஓடி வந்து தாளை நீட்டினான். ஈரக் கையைத் துடைத்துவிட்டு, டீசல் ரசீதுக்குப் போடுவதுபோல முத்திரையைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு ஊழியை பட்டத்துக்கு விண்ணப்பிப்பாள் என்று யார் நினைத்தார்கள்? அவளே நினைக்கவில்லை. ஒரு கட்டுரை ஒரு பட்டத்துக்குத்தான். அந்த விதியை நாற்பத்தொரு மாணவர்களுக்குச் சொன்னவளே அவள்தான்.

"அப்போ என்கிட்ட நாலுதான் இருக்கு."

"நாலுதான். ரொம்ப வருத்தமா இருக்கு. நவம்பருக்குள்ள இன்னொண்ணு அச்சுக்கு ஏத்துக்கப்பட்டா..." ஹிபினோ வாக்கியத்தை முடிக்கவில்லை. ஐந்து மாதத்தில் யாரும் கடலில் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிட முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

"இருக்கு சென்செய்" என்றாள் தோமொயோ. "மூணு வருஷமா மேசை இழுப்பறையில கிடக்கு."

சொன்ன கையோடு அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. அந்தக் கட்டுரை இழுப்பறையில் கிடந்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கோழைத்தனம். மூன்றாவது கட்டுரை, கடல் அட்டைக் குஞ்சுகள் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் அக்டோபரிலும், சிப்பி ஓடுகளில் வந்து ஒட்டுவதாகச் சொன்னது. அதை நம்பிக் கூட்டுறவுச் சங்கம் எட்டு வருடமாக அக்டோபரில் குளிரில் விறைத்துக்கொண்டு குஞ்சு பிடித்து வளர்க்க ஆயிரக்கணக்கான சிப்பி ஓடுகளைக் கயிற்றில் கோத்துக் கடலில் இறக்குகிறது. ஒன்றும் பெரிதாகக் கிடைப்பதில்லை. மூன்று வருடம் முன்பு, சந்தேகம் தாங்காமல், தோமொயோ அந்தக் கட்டுரைக்காக அக்டோபரில் பிடித்த குஞ்சுகளைப் பதப்படுத்தி வைத்திருந்த பழைய ஜாடிகளைத் திறந்தாள்.

கடல் அட்டையின் தோலுக்குள் மணல் அளவில் சுண்ணாம்புச் சில்லுகள் இருக்கும். மனிதர்கள் சாப்பிடும் இனத்துக்கு அவை கால் வைத்த மேசை மாதிரி இருக்கும். யாரும் சீண்டாத இன்னொரு குட்டை இனத்துக்குச் சட்டைப் பொத்தான் மாதிரி. வெறும் கண்ணுக்கு இரண்டு குஞ்சுகளும் ஒன்றுதான். தோமொயோ ஒவ்வொரு குஞ்சாகத் தோலைக் கரைத்து, நுண்ணோக்கியில் பார்த்தாள். அக்டோபர் ஜாடிகளில் முழுக்க முழுக்கப் பொத்தான்கள்.

அதை எழுதி முடித்தாள். அனுப்பவில்லை. அப்போது முகோயாமா நிரந்தர வேலைக்குக் காத்திருந்தான். அடுத்த வருடம் வேலை கிடைத்தது, உடனே குழந்தை பிறந்தது. தள்ளிப் போட ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருந்தது. வீட்டில் ஷோஹெய் ஒவ்வொரு அக்டோபரும் வெடித்த விரல்களுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

அன்று மத்தியானமே முகோயாமாவுக்குத் தொலைபேசினாள். இப்போது அவர் வேறொரு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர்.

"யசுகாவா-சான்! எப்படி இருக்கீங்க? படகு இன்னும் ஓடுதா?"

"படகு ஓடுது. நம்ம மூணாவது கட்டுரைதான் ஓடலை." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "என் ஆய்வேட்டுல மூணாவது அத்தியாயமே அதுதான்னு தெரியுமில்ல?"

"தெரியும். மத்த நாலு அத்தியாயமும் நல்லா நிக்கும். நான் படிச்சிருக்கேன்."

"பதினோரு வருஷம் கழிச்சு, உங்க பட்டத்துக்காக என் தலையில கை வைக்கிறீங்க."

"பட்டத்துக்காகத்தான் இப்ப அனுப்பறேன், பொய் சொல்லலை. மூணு வருஷம் முன்னாடியே அனுப்பியிருக்கணும். அதுதான் என் தப்பு. நீங்களும் சேர்ந்து எழுதுங்க, ரெண்டு பேருமே சொன்னதா இருக்கட்டும்."

"என் பேரைப் போடாதீங்க" என்று முகோயாமா போனை வைத்துவிட்டார்.

தோமொயோவுக்கு மனசு கனத்தது. அந்தப் பையனுக்கு எத்தனை நாள் அரிசி உருண்டை பிடித்துக் கொடுத்திருக்கிறாள்! ஆனாலும் இழுப்பறையிலிருந்து கட்டுரையை எடுத்துவிட்டாள். சாயங்காலம் ஷோஹெயிடம் விஷயத்தை உடைத்தாள். அவர் விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு, "எட்டு வருஷமா?" என்றார்.

"தெரிஞ்சே மூணு வருஷம்."

"அடிப்பாவி" என்றார் ஷோஹெய். அன்று இரண்டு கிண்ணம் சோறு அதிகம் சாப்பிட்டார், கோபம் வந்தால் அவருக்குப் பசிக்கும். மறுநாள் காலை, "சங்கத்துல நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன்" என்பதோடு விட்டுவிட்டார்.

கட்டுரை தனிப் பெயரில் போனது. முடிவு தெரியட்டும் என்று சங்கத்தில் சொல்வதையும் அவள் தள்ளிப் போட்டாள். அக்டோபர் இறுதியில் ஏற்றுக்கொண்டார்கள். டிசம்பரில் வேற்று மொழித் தேர்வு. மூன்று மணி நேரம், ஆங்கிலத்தில் நான்கு பக்கம். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது, அகராதியைப் புரட்டிப் புரட்டி வியர்த்துக்கொண்டிருந்தார். தோமொயோ ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்து வந்துவிட்டாள். நண்டுகளைப் பற்றிய பத்தி அது. அதில் இருந்த ஒரு தகவலே தப்பு என்று விடைத்தாளின் ஓரத்தில் குறிப்பும் எழுதிவிட்டு வந்தாள்.

பிப்ரவரியில், நகரத்து வளாகத்தில், பொது விளக்கக் கூட்டம். வெளியே முழங்கால் அளவு பனி. சங்கத்து ஆட்கள் ஆறு பேர் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு ஷோஹெயோடு நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தால் சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தது. முன் வரிசையில் தேர்வுக்குழுவின் ஐந்து பேர். தோமொயோ பேச ஆரம்பித்து ஐந்து நிமிடம் ஆனபோது பின்கதவு திறந்தது. முகோயாமா வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் குரல் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. இத்தனை வருடம் தன் கண்ணால் பார்த்ததைச் சொல்வதற்கு எதற்குத் தடுமாற வேண்டும்?

முதல் கேள்வி நடு வரிசையிலிருந்து வந்தது. சங்கத்தின் தலைவர் கையைத் தூக்கினார்.

"அப்போ இனிமே அக்டோபர்ல சிப்பி கட்ட வேண்டாமா?"

"வேண்டாம். ஜூன்ல மட்டும் கட்டுங்க. இத்தனை வருஷம் வீணா கட்ட வைச்சதுக்கு மன்னிச்சுக்குங்க." இடுப்பை வளைத்துக் குனிந்தாள்.

"இதை எங்களுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார் தலைவர்.

"சொல்லியிருக்கணும்."

அடுத்து தேர்வுக்குழுவில் மூத்தவரான பேராசிரியை கிதாபதாகே. கேள்வி கேட்டால் லேசில் விடமாட்டார் என்பார்கள்.

"பழைய கட்டுரையில, எல்லாக் குஞ்சுகளோட சில்லுகளையும் பார்த்ததா எழுதியிருக்கீங்க. பார்த்திருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது. அக்டோபர் ஜாடிகளை எண்ணினது யாரு?"

ஹிபினோ பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். கட்டுரையில் இருந்தது இரண்டே பெயர்கள். தோமொயோ எண்ணவில்லை என்றால் யார் எண்ணியது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

"முதல் பேரு என்னோடது சென்செய். அந்தக் கட்டுரைக்கு நான்தான் பொறுப்பு."

"பொறுப்பைக் கேக்கலை. யார் எண்ணினதுன்னு கேட்டேன்."

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. "நான்" என்றார் முகோயாமா. முகம் வெளுத்திருந்தது. "எல்லாத்தையும் பாருன்னு யசுகாவா-சான் சொல்லியிருந்தாங்க. கெடு நெருங்கிடுச்சு. நான் பத்துல ஒண்ணுதான் பார்த்தேன், அதுவும் ஜூன் ஜாடிகள்ல மட்டும். எல்லாத்தையும் பார்த்ததா அவங்ககிட்ட சொன்னேன்."

தோமொயோ இத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். பழி அவளை விட்டு இறங்கிவிட்டது, பட்டம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நடு வரிசையில் ஷோஹெய் 'போதும்' என்பதுபோல் தலையை ஆட்டினார். அவள் பின் வரிசையில் தனியாக நின்றுகொண்டிருந்த மனிதரைப் பார்த்தாள்.

"அவர் சொன்னதை நான் நம்பலை" என்றாள். "முந்நூறு கண்ணாடித் தகடு இருக்க வேண்டிய பெட்டியில முப்பதுதான் இருந்துச்சு. பெட்டியைத் தூக்கினப்பவே தெரிஞ்சுது. எனக்கும் கட்டுரை சீக்கிரம் வரணும்னு ஆசை. தெரிஞ்சேதான் அனுப்பினேன். முகோயாமா-சான், உக்காருங்க."

முகோயாமா உட்காரவில்லை. கிதாபதாகே தாளில் நெடுநேரம் என்னவோ எழுதினார். பிறகு, "எனக்கு வேற கேள்வி இல்லை" என்றார்.

குழு உள்ளறைக்குப் போனது. வழக்கமாக இருபது நிமிடம் ஆகும். ஒரு மணி நேரம் ஆனது. தாழ்வாரத்தில் சங்கத்து ஆட்கள் தேநீர் இயந்திரத்தைச் சுற்றி நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். முகோயாமா அவளிடம் வந்து நின்றார். "ஏன் சொன்னீங்க?" என்றார்.

"நீங்க எழுந்து நின்னீங்களே."

கதவைத் திறந்துகொண்டு வந்தது ஹிபினோ அல்ல, கிதாபதாகேதான். நேராக அவள் முன்னால் வந்து நின்றார்.

"அஞ்சு பேருக்கும் சம்மதம். பட்டம் குடுக்கச் சொல்லி அனுப்பறோம். ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன் யசுகாவா-சான். இன்னைக்குத் தப்பை ஒத்துக்கிட்டதுக்காக இதைக் குடுக்கலை. அன்னைக்குத் தெரிஞ்சே அனுப்பினதுக்காகக் குடுக்கக் கூடாதுன்னுதான் நான் ஒரு மணி நேரம் சண்டை போட்டேன். உங்க தப்பை யாரும் கேக்காம நீங்களே திறந்து, மூவாயிரம் குஞ்சைப் பார்த்துக் கண்டுபிடிச்சீங்க. அதுக்காகக் குடுக்கறோம்."

"மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு" என்று தோமொயோ திருத்தினாள்.